வெளியே விட்ட சுண்டு விரல்

"மாஸ்டர், இசக்கிராஜாவை உருவாக்கினது யாரு? நீங்க சொல்லுங்க."

சேசடிமை வந்ததும் வராததுமாகக் கேட்டான். சைக்கிளை விட்டுக்கூட இறங்கவில்லை.

"முதல்ல சைக்கிளை விடுல. ரெண்டாவது வரிசை" என்றார் மச்சாது மாஸ்டர்.

அவருக்கு எண்பது வயது. பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் சைக்கிள் ஸ்டாண்டில் டோக்கன் கொடுக்கிறார். அதற்கு முன்னால் தூத்துக்குடியில் குத்துச்சண்டை என்றால் அவர்தான். அவர் குத்தினால் மூட்டையிலிருக்கிற மணல் மணப்பாட்டுக் கடற்கரையில் போய் விழும் என்பார்கள். நான் அதைப் பார்க்கவில்லை. மணப்பாட்டில் மணல் இருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

சேசடிமை அவருடைய சீடன். ஐம்பத்திரண்டு வயது. இப்போது அவனும் ஒரு மாஸ்டர். ஐஸ் பாக்டரிக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டுப் பையன்களுக்குக் குத்தச் சொல்லிக்கொடுக்கிறான்.

சைக்கிளை விட்டுவிட்டு வந்தான். சட்டைப் பையிலிருந்து ஒரு பத்திரிகைத் துண்டை எடுத்தான்.

"இசக்கி ஸ்டேட் சாம்பியன் ஆயிட்டான்."

"டீக்கடையில சொன்னாங்க."

"படம் பாத்தீங்களா?"

"கண்ணாடி கொண்டு போகல."

மாஸ்டர் துண்டை வாங்கி, கையை நீட்டித் தூரத்தில் பிடித்துப் பார்த்தார். இசக்கிராஜா சிரித்துக்கொண்டு நின்றான். கிளவுஸ் கழற்றியாகிவிட்டது. துணிக்கட்டுப் போட்ட வலது கையை விரித்து உயரத் தூக்கியிருந்தான். உள்ளங்கை பாதியோடு நின்றுவிட்டது. பத்திரிகையை அந்த இடத்தில் மடித்திருந்தது.

"கையை யாரோ பிடிச்சுத் தூக்கியிருக்கான் போலுக்கே. யாரு?"

"அந்தப் பக்கம் நமக்கு வேண்டாம் மாஸ்டர்."

"பால்துரையா?"

சேசடிமை டோக்கன் பெட்டியைப் பார்த்தான்.

பால்துரை பீச் ரோட்டில் புதிதாகக் கொட்டகை போட்டவன். சிமெண்டுத் தரை, சுவரெல்லாம் கண்ணாடி.

"பதினோரு வருசம் மாஸ்டர். மூக்கைத் துடைக்கத் தெரியாம வந்தான். உப்பள வரப்புல ஓட விட்டேன். கால் தவறினா புண்ணுல உப்புத்தண்ணி. அழுதுக்கிட்டே ஓடுவான். நானும் பின்னாலயே ஓடுவேன். பால்துரைகிட்ட பதினாலு மாசம்தான். மாலை அவன் கழுத்துல."

"பையன் கழுத்துல இல்லையா?"

"ரெண்டு பேரு கழுத்துலயும்தான். பால்துரை மாலை பெருசு."

"அளந்தியா?"

"பாத்தாலே தெரியுது."

மாஸ்டர் ஒரு சைக்கிளுக்கு டோக்கன் கொடுத்து அனுப்பினார்.

"நான் சோறு வடிச்சேன் மாஸ்டர். அவன் இலையை விரிச்சான். ஊரே இலையைப் பாத்துக் கை தட்டுது. அவன் புது பைக் வாங்கினப்பகூட எனக்கு இப்படி எரியல."

"பைக் வாங்கினப்பவும் எரிஞ்சுதா?"

"கொஞ்சம்."

"சரி. நான் என்ன செய்யணும்?"

"ஞாயித்துக்கிழமை பாராட்டு விழா. உங்களைப் பேசக் கூப்பிடுவாங்க. இது சேசடிமை உருவாக்கின பையன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. நீங்க சொன்னா ஊரு ஒத்துக்கிடும். இல்லன்னா அடுத்த வருசம் என் கொட்டகைக்கு ஒருத்தன் வரமாட்டான். இருக்கவனும் பீச் ரோட்டுக்குப் போயிருவான்."

"டீ குடி" என்றார் மாஸ்டர்.

டீ வந்தது. இரண்டு பேரும் கிளாஸைப் பிடித்தார்கள். இரண்டு சுண்டு விரலும் மடங்காமல் வெளியே நீட்டிக்கொண்டு நின்றன.

மச்சாது மாஸ்டரின் ஆட்களை ஊரில் அப்படித்தான் அடையாளம் தெரியும். கோணிப்போன சுண்டு விரல். ஒரு நாள் ஏழு பேர் வரிசையாக நின்று டீ குடித்தபோது, கடைக்காரர் அந்த விரல்களில் துண்டைக் காயப்போட்டார் என்று கேள்வி. காய்ந்ததா என்று தெரியவில்லை.

"அவன் கால் ஆட்டம் யாருது?" என்றார் மாஸ்டர்.

"என்னுது."

"ஆமா. உப்பளம் தெரியுது. தாடையை மறைச்சுக்கிட்டு நிக்கானே, அது?"

"என்னுதுதான். தாடைக்கு அடியில எலுமிச்சம்பழத்தை வச்சுப் பழக்கினேன். விழுந்தா பத்து தண்டால்."

"அதுவும் தெரியுது. மேடையில சொல்லுதேன்."

சேசடிமையின் முகத்தில் பதினாலு மாதமாக இல்லாத ஒரு வெளிச்சம் வந்தது.

"பால்துரை என்னத்தை மாத்தினான்?"

"ஒண்ணும் இல்ல."

"ஒண்ணும்கூடவா இல்ல?"

"கட்டை மாத்தினான். கையில சுத்துத துணிக்கட்டு. நம்ம கட்டு. நீங்க எனக்குச் சொல்லித்தந்தது, நான் அவனுக்குச் சொல்லித்தந்தது. அதை அவுத்துப் போட்டுட்டு வேற என்னமோ கட்டுதான். அதைத்தான் என்னால தாங்க முடியல."

"எப்படிக் கட்டுதான்?"

"பாக்கல. மூஞ்சியைத் திருப்பிக்கிட்டேன்."

"பையன் எப்போ அவன்கிட்ட போனான்?"

"கை உடைஞ்சு கிடந்தான். ஒரு வருசம். நான்தான் சோறு ஊட்டினேன். சரியானதும் போயிட்டான்."

"கையில எங்க உடைஞ்சுது?"

"சுண்டு விரல் முட்டி."

"உடையதுக்கு முன்னால வலிக்குன்னு சொன்னானா?"

"சொன்னான். எல்லாருக்கும் வலிக்கும்ல, வலிச்சாத்தான் விரல் உறுதியாகும்னேன்." சேசடிமை கிளாஸைக் கீழே வைத்தான். "நீங்க எனக்கு அதைத்தான சொன்னீங்க."

மாஸ்டரும் தன் கிளாஸைக் கீழே வைத்தார்.

"கட்டுத் துணி வச்சிருக்கியா?"

சைக்கிள் பையில் எப்போதும் இருக்கும். எடுத்து வந்தான்.

மாஸ்டர் வலது கையை நீட்டினார். "கட்டு. நம்ம கட்டு. மெதுவா."

சேசடிமை கட்டினான். கண்ணை மூடிக்கொண்டும் கட்டுவான். மணிக்கட்டில் மூன்று சுற்று. கட்டை விரலுக்கு ஒன்று. மூன்று முட்டிகளுக்கு மேலே இறுக்கி ஐந்து. திரும்ப மணிக்கட்டு.

"நில்லு" என்றார் மாஸ்டர். "இது ஏன் வெளியில கிடக்கு?"

சுண்டு விரல் கட்டுக்கு வெளியே தனியாக நின்றது.

"நம்ம கட்டு அப்படித்தான மாஸ்டர். மதுரைக்காரங்கதான் எல்லா விரலையும் சேத்துக் கட்டுவாங்க. பயந்தாங்கொள்ளிக் கட்டுன்னு சிரிப்பமே."

"சிரிச்சோம். ஏன் வெளியில கிடக்கு?"

"நீங்க அப்படித்தான் சொல்லிக்கொடுத்தீங்க."

"எனக்கு யாரு சொல்லிக்கொடுத்தா?"

"கொரேரா மாஸ்டர்."

"அவரை நீ பாத்திருக்கியா?"

"படத்துல. கொட்டகையில மாலை போட்டு வச்சிருக்கேன்லா."

"அது கழுத்து வரைக்கும்தான் இருக்கு."

ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

"கொரேராவுக்குத் துறைமுகத்துல வேலை. அதிகம் பேசமாட்டாரு. தன் கையில கட்டிக் காட்டுவாரு, அவ்வளவுதான். நாங்க பாத்துப் பாத்து அப்படியே கட்டிக்கிட்டோம். நான் அவர்கிட்ட சேரதுக்கு முன்னாலயே, இரும்புக் கயிறு சுத்துத மெசின்ல மாட்டி ஒரு விரல் போயிட்டு அவருக்கு."

"எந்த விரல்?"

சேசடிமையின் குரல் இறங்கிவிட்டது. கேட்கும்போதே அவனுக்குத் தெரிந்துவிட்டது.

மாஸ்டர் கட்டுப் போட்ட கையைத் தூக்கிக் காட்டினார்.

பிறகு சிரிக்க ஆரம்பித்தார். இருமல் வரும்வரை சிரித்தார். கண்ணில் தண்ணீர் வந்தது. அதைத் துடைக்கவில்லை.

"அறுபது வருசம்ல. எத்தனை பையன். இல்லாத விரலுக்கு எவனாவது கட்டுப் போடுவானா? அவரு சரியாத்தான் கட்டினாரு."

சேசடிமை சிரிக்கவில்லை. தன் விரலைப் பார்த்தான். மடக்கிப் பார்த்தான். முப்பது வருடமாக மடங்காதது அன்றைக்கும் மடங்கவில்லை.

யாரோ சைக்கிள் எடுக்க வந்தார். டோக்கனை அவரே பெட்டியில் போட்டுவிட்டு எடுத்துப் போனார்.

"ஞாயித்துக்கிழமை என்ன சொல்லப் போறீங்க மாஸ்டர்?"

"அதுக்கு இன்னும் மூணு நாள் கிடக்கு. இதை அவுரு."

அவிழ்த்தான்.

மாஸ்டர் கையை இழுத்துக்கொள்ளவில்லை. "இப்போ அந்தப் பையன் கட்டியிருக்க மாதிரி கட்டு. படத்தைப் பாத்து."

சேசடிமை பத்திரிகைத் துண்டை எடுத்தான். கட்டை விரல் தெரிந்தது. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் தெரிந்தன. அதற்கப்புறம் மடிப்பு.

"சுண்டு விரல் அந்தப் பக்கம் இருக்கு மாஸ்டர்."

"ஆமா."

"அந்தப் பக்கம் பால்துரையும் இருக்கான்."

மாஸ்டர் சட்டைப் பையில் இடது கையை விட்டுத் துழாவினார். கண்ணாடியை எடுத்து மூக்கில் மாட்டிக்கொண்டார்.

"விரி."