வெளியேற வேண்டியவர்கள்

"நாளைக்கு என்னை வெளியே உட்காரச் சொல்லிட்டாங்க, டீன்," என்றாள் லொரேன்.

எர்னஸ்டின் கேடிஸ், அட்லாண்டாவின் ஓர் அழகு நிலையத்தில், முடி உலர்த்தும் கூண்டுக்குள் தலையைக் கொடுத்து உட்கார்ந்திருந்தார். பல்கலைக்கழகத்தின் முதல் கறுப்பினப் பெண் டீன். ஓய்வுபெற்று ஆறு வருடம். லொரேன் அவரிடம் ஆய்வு செய்தவள். இப்போது அங்கே பேராசிரியர்.

"கேக்கல. சத்தமாச் சொல்லு."

கடையில் நான்கைந்து பெண்கள் இருந்தார்கள். லொரேன் குனிந்தாள்.

"பணி நிரந்தரக் குழு கூடுது. ரெனீட்டா பேர் வருது. கறுப்புப் பிள்ளைங்களைப் பள்ளிக்கூடமே எப்படி போலீஸ்ல பிடிச்சுக் குடுக்குதுன்னு எழுதினவ. அது ஆய்வு இல்ல, போராட்டம்ங்கிறாங்க. இந்தத் தடவை தவறினா அவளுக்கு வேலை போயிடும்."

"நீ பேசு."

"அவ என் மாணவி. நான் அங்கே இருக்கக் கூடாதாம். விதி இருக்கு. நானும் ஒத்துக்கிட்டேன்."

"என்ன விதி? கேக்கல."

லொரேன் போனை எடுத்து உரக்கப் படித்தாள். 'விண்ணப்பதாரருக்குக் கற்பித்தவரும், அவரோடு சேர்ந்து நூல் எழுதியவரும் விவாதத்தின்போது வெளியேற வேண்டும்.'

கடைக்காரி டெல்ஃபீன் ஒருத்திக்குப் பின்னல் போட்டுக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தவில்லை.

"நாளைக்கு அந்தப் பொண்ணு ஒருத்தி பேருதானா?"

"நாலு பேர். மத்த மூணும் வெள்ளைக்காரப் பசங்க."

"அவனுங்களுக்குப் பாடம் சொல்லிக்குடுத்தது யாரு? மரமா?"

கடை சிரித்தது.

லொரேன் சிரிக்கவில்லை. அந்த மூவரில் முதலாமவனுக்கு ஆய்வு வழிகாட்டி, குழுத் தலைவரே. இரண்டாமவனோடு புத்தகம் எழுதியவர், குழுவில் தலைவருக்குப் பக்கத்தில் உட்காருபவர்.

"இவ்வளவு நாள் இது எனக்கு மட்டும்னு..."

எர்னஸ்டின் கூண்டிலிருந்து தலையை எடுத்தார். முடி எப்போதோ உலர்ந்திருந்தது. கூண்டின் ஒயர் செருகப்படாமல் தரையில் கிடந்தது.

"கிளம்பு," என்றார்.

மறுநாள் காலை குழு கூடியது. முதல் கோப்பைப் பிரிக்குமுன் லொரேன் எழுந்து விதியைப் படித்தாள். நான்கு பெயர்களையும், குழுவில் அவர்களுக்குக் கற்பித்தவர், சேர்ந்து எழுதியவர் பெயர்களையும் படித்தாள். உட்கார்ந்தாள்.

யாரோ இருமினார்கள்.

"விதியை இப்படி எழுத்துக்கு எழுத்துப் பார்ப்பதா, லொரேன்?" என்றார் தலைவர். "நாம் எல்லோரும் ஒருவருக்கொருவர் தெரிந்தவர்கள்தானே. இன்றைக்கு யாரும் வெளியே போக வேண்டாம்."

"யாருமா?"

"யாரும்."

"அதைக் குறிப்பில் எழுதச் சொல்லுங்கள்."

செயலரின் பேனா நின்றது. அவர் தலைவரைப் பார்த்தார்.

தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மறுபடி மாட்டினார்.

"எழுதுங்கள்," என்றார்.