ராஜாவுக்கு முன்னால் யார்?

மேகங்களுக்கும் மேலே ஒரு பனிநாடு. அதன் ராஜா உச்சிவெயிலில் கணவாயைக் கடக்கப் புறப்பட்டார். சுமை தூக்கும் பேமா கும்பிட்டாள்.

"மகாராஜா, இந்த வெயிலில் பனி இளகிச் சரியும். விடியற்காலையில் போகலாமே?"

"எனக்கே நேரம் குறிக்கிறாயா? இப்போதே நட, இல்லாவிட்டால் தலை போகும்!"

"உத்தரவு. ஆனால் இந்தச் சரிவில் ஒவ்வொருவராகத்தான் போகணும். தங்களுக்கு முன்னால் யாரும் நடக்கக் கூடாதென்பது அரண்மனை வழக்கமாச்சே! தாங்களே முதலில் எழுந்தருளுங்கள்."

ராஜா நிமிர்ந்து பார்த்தார். தூங்கும் வெள்ளை யானை மாதிரி சரிவு மினுங்கியது.

"கூடாரம் அடியுங்கள். தூக்கம் வருகிறது."

அவர் கண்ணயர்வதற்குள் சரிவிலிருந்த பனி கழன்று, மேகம்போல் இறங்கிப் பாதையை மூடியது.

விடிந்ததும் ராஜா மெல்லச் சொன்னார்: "பேமா, நீ முன்னால் நட."

"வழக்கம், மகாராஜா?"

"அது நேற்றே பனியோடு போய்விட்டது."