குருவிக்கு ஈடு

வெகு காலத்துக்கு முன்னே, கடல்நீர் இன்னும் உப்புக் கரிக்காத நாளில், ஒரு முத்துத் தீவு இருந்தது. குறுக்கே பேசாமல் கேளுங்கள்.

அந்தத் தீவில் பாட்டுக்குருவி ஒன்று. ஒன்றேதான். மற்றதையெல்லாம் கண்ணி வைத்துப் பிடித்துத் தீர்த்துவிட்டார்கள். அந்தக் கடைசிக் குருவியை, முத்துக் குளிக்கும் கொற்றனின் மனைவி வலம்புரி ஆசைப்பட்டுக் கூண்டில் அடைத்தாள். அது செத்தது. குருவியை வளர்த்தவன் ஒரு மந்திரவாதி. வந்தான், அவளைக் கல்லாக்கினான்.

"குருவிக்கு ஈடு கொண்டு வா. மூன்று தரம் பார்ப்பேன்" என்றான் கொற்றனிடம்.

கொற்றன் சோற்றை வைத்துக்கொண்டு கல்லோடு பேசினான். கல் என்ன பேசும்?

அந்தத் தீவில் ஒரு வழக்கம். கடலில் இறங்குகிறவனுக்கு மனைவியின் தம்பிதான் படகில் கயிறு பிடிக்க வேண்டும். அக்காள் தாலி அவன் கையில். மைத்துனன் பவழன் பிடித்தான். அக்காள் கல்லாய் நிற்பதில் அத்தான்மேல் கோபம்; முகம் கொடுத்துப் பேசவில்லை.

முதல் தரம் சங்கு.

"ஊதினால்தானே ஒலிக்கும்? ஈடில்லை" என்றான் மந்திரவாதி.

இரண்டாம் தரம் முத்து.

"மினுக்கும், உயிரில்லை. ஈடில்லை."

மூன்றாம் தரம் மூழ்கினான். அடிமணலில் வட்டமாக ஒரு திருக்கை மீன். தொட்டவர் கை மரத்துப்போகும் சாதி.

"என்னைக் கொண்டு போ" என்றது.

"பாடுவாயா?"

"மாட்டேன்."

"அழகா?"

"நீயே பார்க்கிறாயே."

"பின்னே எதற்கு?"

"குருவியை எல்லாரும் தொட்டார்கள், போயிற்று. என்னை ஒருவரும் தொடவில்லை, இருக்கிறேன். இருந்து என்ன? ஒரு தரமாவது யாராவது தூக்கட்டுமே."

கொற்றன் வாரி அணைத்தான். சுரீரென்று ஏறியது. இரண்டு கையும் மரத்தன. கயிற்றைச் சுண்டினால்தான் மேலே இழுப்பார்கள். சுண்ட விரல் அசையவில்லை.

பவழன் இழுத்தான்.

"சுண்டாமல் ஏன் இழுத்தாய், மாப்பிள்ளே?"

"உம்மேல கோபம்தான், அத்தான். அதுக்காக எங்க அக்காளைத் தாலியறுக்க விடுவேனா?"

மந்திரவாதி மீனைப் பார்த்தான். "இது குருவிக்கு ஈடா?"

ஆமென்றால் வலம்புரி கிடைப்பாள்.

"இல்லை ஐயா. அது பாடும், இது பாடாது. போனதுக்கு ஈடு ஏது? இது உயிரோடு இருக்கு. சீக்கிரம் கடலில் விடணும்."

மந்திரவாதிக்கும் அந்தக் குருவியை விட்டால் ஆளில்லை.

"ஆமென்றிருந்தால் நீயும் கல். அதை அவள் கையில் வை."

வைத்தான். சுரீர்! கல் வெடித்தது.

"ஐயோ! எவன்டா கிள்ளினது?" என்று எழுந்தாள் வலம்புரி.

நடந்ததைக் கேட்டாள். திருக்கையைத் தானே தூக்கிக்கொண்டு கடலுக்கு ஓடினாள்.

"போதும் விடு, கை மரத்துப்போகும்" என்றான் கொற்றன்.

"மரக்கட்டுமே" என்று அதைத் தடவிக் கொடுத்துவிட்டுத்தான் விட்டாள்.

அவர்கள் சுகமாக இருந்தார்கள். குருவி வரவில்லை. அந்தத் தீவில் இன்றும் பொழுது சத்தமில்லாமல்தான் விடிகிறது.