பூட்டிய அறையில் இருவர்

"ஆளில்லாத வீட்டு வாசல்ல நின்னு பேர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. கூப்பிட்டா..." என்று பெரியப்பா ஏதோ ஒரு கல்யாணப் பந்தியில் சொல்லிக்கொண்டிருந்தார். கூப்பிட்டால் என்ன ஆகும் என்பது திருமாறனுக்கு மறந்துவிட்டது.

வெளிநாட்டில் பாதி ஆயுளைக் கழித்துவிட்டுத் திரும்பியவன், ஐம்பதை நெருங்கும் வயதில் உமையாளிடம் கம்ப்யூட்டரை இயக்கும் யூனிக்ஸ் கற்றுக்கொண்டிருந்தான். உமையாள் அவனைவிட இளையவர்.

மலைமேல் அணைக்கட்டு அறையில் இரண்டு கம்ப்யூட்டர் மெஷின்கள். மதகு திறக்குமுன் ஆற்றங்கரை ஊர்களுக்குச் சங்கு ஊதுவது பெரியது. அது படுத்துவிட்டால் ஒரு கேபிள் வழியாகத் தொட்டு எழுப்பச் சின்னது. காலையில் திருமாறன் அடிவார ஆபீசிலிருந்தபடியே இரண்டின் மென்பொருளையும் ஒரே மூச்சில் புதுப்பித்தான். பெரியது எழவில்லை. மலைப்பாதையில் மண் சரிந்து கிடந்தது. சாயங்காலம் மதகு திறக்கிறார்கள்.

"மேடம், உள்ளே யாரோ இருக்காங்க."

"பூட்டின ரூம்ல யாரு? வாட்ச்மேனே கீழே வந்து டீக்கடையில உட்கார்ந்திருக்கார்."

"நீங்களே பாருங்க."

கேபிளில் ஓடுவதெல்லாம் சின்ன மெஷின் வழியாக அவன் திரைக்கு வந்தது.

பெயர்?
தெரியவில்லை.
கடவுச்சொல்?
தெரியவில்லை.
தவறு. பெயர்?

அவன் எதையும் தட்டவில்லை. வரிகள் தாமாக ஏறிக்கொண்டிருந்தன. மழைக்கு இருண்ட மதியத்தில் அவன் பிடரி சில்லிட்டது.

உமையாள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "புதுப்பிச்சதுல சின்னதுக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கிச்சு. கேபிள்ல எது வந்தாலும் ஆள் வந்துட்டதா நினைச்சு பேர் கேட்குது. பெரியது எழுந்திருக்கும்போது கொஞ்ச நேரம் காது கொடுக்கும். அப்போ ஒரு எழுத்து விழுந்தாலும் போதும், யாரோ கட்டளை சொல்ல வந்துட்டாங்கன்னு பாதியிலயே நின்னுடும்."

"அப்போ பதில் சொல்றது யாரு?"

"சின்னது கேட்குது. பெரியது அதைக் கட்டளைன்னு நினைச்சு தெரியலேங்குது. அதையே சின்னது பேருன்னு எடுத்துக்குது. காலையிலேர்ந்து ரெண்டும் இப்படித்தான். ஆள் யாரும் இல்லண்ணா."

அவன் சின்ன மெஷினின் அந்தப் பழக்கத்தை நிறுத்தினான். திரை அடங்கியது. பெரியதை மறுபடி துவக்கினான்.

ஒன்றும் வரவில்லை. கறுப்பாகவே இருந்தது. அவன் விரல் என்டரைத் தட்டியது.

நிறுத்தப்பட்டது. கட்டளை?

இன்னொரு தரம் துவக்கினான். கறுப்பு. கறுப்பு. தட்டினான்.

நிறுத்தப்பட்டது. கட்டளை?

"சின்னதைத்தான் வாயடைச்சாச்சே மேடம். இப்போ கூப்பிடறது யாரு?"

"என்டரை எதுக்குத் தட்டினீங்க?"

"உயிர் இருக்கான்னு பார்க்க."

"சின்னதும் அதுக்குத்தான் கேட்டுச்சு."

 திருமாறன் துவக்கும் கட்டளையைக் கொடுத்தான். கீபோர்டின் ஒயரைப் பிடுங்கி, கீபோர்டை உமையாளிடம் கொடுத்தான்.