அத்தையின் விரல் நுனித் தேன்

காட்டுக்கும் நாட்டுக்கும் நடுவே வேலி போடாத காலம் அது. மலையடிவாரத்தில் ஒரு நாடு. அதைக் கடம்பவேள் என்ற ராஜா ஆண்டுகொண்டிருந்தான். நல்ல ராஜாதான், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இது அவன் கதை இல்லை. ராஜாக்கள் கதையைக் கேட்டுக் கேட்டு நமக்கும் அலுத்துப் போயிற்று. இது அவனுடைய ராணி நன்முல்லையின் கதை. வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு அவள் நடமாடிய கதை.

அந்த நாட்டில் தேன் இல்லாத வீடு கிடையாது. தொண்டை கரகரத்தால் வெந்நீரில் தேன். இருமல் வந்தால் இஞ்சிச் சாற்றில் தேன். அடுப்பில் கை சுட்டுக்கொண்டால் புண்மேல் தேன். வைத்தியர் சூரணம் குழைத்துக் கொடுப்பதும் தேனில்தான். எல்லாம் குணமாயிற்று, இல்லை என்று சொல்ல மாட்டேன்.

பிள்ளை பிறந்தாலும் தேன்தான். பெயர் வைக்கும் நாளில் ஒருவர் விரலில் தேனைத் தொட்டுக் குழந்தையின் நாக்கில் தடவுவார். சேனை வைப்பது என்று அதற்குப் பெயர். யார் கையால் சேனை வைக்கிறார்களோ, அவர் குணம் பிள்ளைக்கு வரும் என்று நம்பினார்கள். அதனால் குணசாலியாகப் பார்த்துத்தான் கூப்பிடுவார்கள்.

அதற்கு ஊரெல்லாம் அலைய வேண்டியதில்லை. ராஜாவின் அக்கா செங்கமலம் இருந்தாள். பசி என்று வந்தவரை வெறும் கையோடு அனுப்பாதவள். ஒருவரைப் பற்றி ஒரு பொல்லாங்கு பேசாதவள். அவளுக்கென்று ஒரு பிள்ளை இல்லை, ஆனால் ஊர்ப் பிள்ளைகளெல்லாம் அவளை அத்தை என்றுதான் கூப்பிடும். அரண்மனை முற்றத்தில் தேன் கிண்ணத்தோடு அவள் உட்கார்ந்தால் போதும், கைக்குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு தாய்மார்கள் வரிசையில் வந்து நிற்பார்கள்.

நன்முல்லையின் மூத்த மகனுக்கும் அவள்தான் சேனை வைத்தாள். கொழுகொழுவென்று இருந்த பிள்ளை. சில நாள் கழித்து அதற்கு மலம் கட்டியது. பிறகு பால் குடிப்பது குறைந்தது. பிறகு இமை சரிந்தது, அழுகை பூனைக்குட்டி முனகுவதுபோல் மெலிந்தது, தூக்கினால் கழுத்து நிற்காமல் துவண்டது. கண்திருஷ்டி என்றார் வைத்தியர். கிரகம் என்றார் சோதிடர். பிள்ளை போய்விட்டது. எல்லோரையும்விட அதிகம் அழுதவள் செங்கமலம்தான்.

நன்முல்லைக்கு மட்டும் மனம் ஆறவில்லை. பிள்ளையைப் பறிகொடுத்த தாய்மார்களை ஒவ்வொருத்தியாகத் தேடிப்போய் உட்கார்ந்து பேசினாள். இதேபோல் இமை சரிந்து, இதேபோல் துவண்டு போன பிள்ளைகள் இன்னும் சில இருந்தன. எல்லாம் ஒரு வயது நிறையாத பிள்ளைகள். எல்லாம் தேன் தின்ற பிள்ளைகள். சலவைக்காரி வீட்டில் தேனைக் கொதிக்கக் காய்ச்சித்தான் வைத்தார்களாம், அந்தப் பிள்ளையும் தப்பவில்லை. தேன் தின்றும் ஒன்றும் ஆகாத பிள்ளைகள் ஊர் முழுக்க ஓடி விளையாடிக்கொண்டிருந்தன. அங்கேதான் சிக்கலே. அவள் சொன்னால் யார் நம்புவார்கள்?

இந்த நிலையில் இரண்டாவது பிள்ளை பிறந்தது. அரண்மனையே பூரித்தது. நன்முல்லை மட்டும் பெயர் வைக்கும் நாளை எண்ணிப் பயந்தாள்.

ராஜாவிடம் சொல்லிப் பார்த்தாள். "நானும் சேனையில் வளர்ந்தவன்தானே, எனக்கென்ன கெட்டுப்போயிற்று?" என்றான் அவன். வைத்தியரிடம் சொல்லிப் பார்த்தாள். "தேன் அமிர்தம் தாயே. மனசைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள்" என்றார் அவர். செங்கமலத்திடம் மட்டும் வாய் வரவில்லை. எப்படி வரும்? உங்கள் விரலில் போன தேன்தான் மூத்தவனைக் கொண்டுபோயிற்று என்று அந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியுமா? நீங்களாயிருந்தால் சொல்வீர்களா?

அதனால் சாக்குச் சொல்ல ஆரம்பித்தாள்.

முதலில், "நாள் சரியில்லை மதினி" என்றாள். செங்கமலம் சோதிடரைக் கூப்பிட்டு வேறு நாள் குறித்துவிட்டாள்.

அடுத்து, "பிள்ளைக்குச் சளி மதினி" என்றாள். "சளிக்குத் தேனைவிட மருந்து ஏது?" என்று செங்கமலம் சிரித்தாள். பெரியவர்களுக்கு அது சரிதான், அதனால் அந்தச் சாக்கும் போயிற்று.

மூன்றாவதாக, தேன் குடத்தைக் காலால் இடறிக் கவிழ்த்துவிட்டாள். தெரியாமல் பட்டதுபோலத்தான். செங்கமலம் குனிந்து தரையைத் தானே துடைத்தாள். காட்டுக்கு ஆள் அனுப்பிப் புதுத் தேனடை கொண்டுவரச் சொன்னாள். கோபப்படவே இல்லை. போகும்போது மட்டும் வாசலில் நின்று கேட்டாள்.

"என் கை ஆகாது என்று நினைக்கிறாயா தாயி?"

நன்முல்லை தலையைக் குனிந்துகொண்டாள்.

பெயர் வைக்கும் நாள் வந்தேவிட்டது. முற்றம் நிறையக் கூட்டம். ராஜாவின் பிள்ளைக்குப் பிறகு தங்கள் பிள்ளைக்கும் சேனை வாங்கிக்கொள்ளலாம் என்று தாய்மார்கள் வரிசையில் நின்றார்கள். வரிசையின் முதல் ஆள் குயவர் வீட்டு வேம்பி, இடுப்பில் பெண் குழந்தை.

செங்கமலம் தேனில் விரலைத் தோய்த்தாள். விரல் குழந்தையின் உதட்டருகே வந்தது. இன்னும் ஒரு கணம் விட்டால் போச்சு. சட்டென்று அந்தக் கையைப் பிடித்தாள். பிடித்து, விரலைத் தன் வாய்க்குள் வைத்துத் தேனைச் சப்பிவிட்டாள்.

ராஜாவின் முகம் கறுத்தது.

"மதினி," என்றாள் நன்முல்லை. "இவனுக்கு இன்னும் சோறு இல்லை, தண்ணீர் இல்லை, என் பால் ஒன்றுதான். நான் சாப்பிடுவதுதான் இவன் சாப்பாடு. ஒரு வயது நிறைகிற வரைக்கும் என் நாக்குதான் இவன் நாக்கு. உங்கள் குணம் முதலில் என்னிடம் வரட்டும், என் வழியாக இவனிடம் போகட்டும்."

செங்கமலம் ஒரு நிமிஷம் திகைத்தாள். பிறகு அவள் முகம் மலர்ந்தது. "அட, எவ்வளவு அழகாகச் சொல்லிவிட்டாள் பாருங்கள்" என்றாள். ராஜா சிரித்தான். கூட்டமும் சிரித்தது. நன்முல்லைக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

கெட்டிக்காரிதான். பிள்ளையும் பிழைத்தான், நாத்தனார் மனமும் நோகவில்லை. கதையை இங்கேயே முடித்துக்கொண்டு நாமும் வீட்டுக்குப் போயிருக்கலாம்.

ஆனால் செங்கமலம் மறுபடியும் விரலைத் தேனில் தோய்த்தாள். "அடுத்தது யார்? வா வேம்பி, பிள்ளையைக் காட்டு."

வேம்பி ஓடிவந்து குழந்தையை நீட்டினாள். அது பொக்கை வாயைத் திறந்து சிரித்தது. நன்முல்லை தன் பிள்ளையை இறுக்கி அணைத்துக்கொண்டாள். இவன் தப்பித்துவிட்டான். இனிமேல் அவளுக்கென்ன? வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தால் ஒருவரும் கேட்கப்போவதில்லை. அப்படித்தான் உட்காரப் பார்த்தாள், முடியவில்லை.

"மதினி, வேண்டாம். அந்தப் பிள்ளைக்கும் வைக்க வேண்டாம்."

"ஏன் தாயி?"

நன்முல்லை எல்லாவற்றையும் சொன்னாள். கட்டிய மலத்தை, சரிந்த இமையை, துவண்ட கழுத்தைச் சொன்னாள். சலவைக்காரி வீட்டுக் காய்ச்சிய தேனைச் சொன்னாள். "எல்லாப் பிள்ளைக்கும் கெடுதல் வராது, அது நிஜம். எந்தப் பிள்ளைக்கு வரும் என்று நமக்குத் தெரியாதே. போகிறவர்களில் எவனோ ஒருவன் விழுகிற பாலம் என்று தெரிந்தால், அதில் பிள்ளையை நடக்க விடுவோமா?"

செங்கமலம் தன் விரலையே பார்த்தாள்.

"மூத்தவனுக்கும் இந்த விரல்தானே?"

"ஆமாம் மதினி."

"உனக்கு அப்போதே தெரியுமா?"

"தெரியாது. உங்களுக்கும் தெரியாது. தெரிந்திருந்தால் நீங்கள் கையையே வெட்டிக்கொண்டிருப்பீர்கள்."

செங்கமலம் அழுதாள். கூட்டத்துக்கு நடுவே, மூடி மறைக்காமல் அழுதாள். நன்முல்லை பக்கத்தில் போய் உட்கார்ந்து அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். வெகுநேரம் கழித்துச் செங்கமலம் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள், விரலையும் துடைத்தாள். பிறகு புதிதாகத் தேனைத் தொட்டாள்.

"வேம்பி, வாயைத் திற. பிள்ளை வாயை இல்லை, உன் வாயை."

அன்றைக்கு வரிசையில் நின்ற அத்தனை தாய்மாரும் தேன் தின்றார்கள், குழந்தைகள் பால் குடித்தன. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்ற வைத்தியரும் அன்று முதல் ஆண்டு நிறையாத பிள்ளைக்குத் தேனில் மருந்து குழைப்பதை விட்டார். தேனைக் குறை சொல்ல யாரும் இல்லை. இருமலுக்கும் புண்ணுக்கும் அது வழக்கம்போல் உதவிக்கொண்டுதான் இருந்தது.

ஆண்டு நிறைந்தது. ராஜாவின் மகன் முற்றத்தில் தத்தித் தத்தி நடந்து அத்தையிடம் வந்தான். தேன் கிண்ணம் பக்கத்தில் இருந்தது. செங்கமலம் இரண்டு கைகளையும் மடியில் வைத்துப் பொத்திக்கொண்டிருந்தாள். தொடப் பயம். விரல் எழவே இல்லை.

நன்முல்லை வந்து அந்தக் கையை எடுத்தாள். தானே பிடித்துத் தேனில் தோய்த்தாள்.

"இப்போது வைக்கலாம் மதினி."

பிள்ளை நாக்கை நீட்டி நக்கியது. இனிப்புக் கண்டதும் அத்தை விரலைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு இன்னும் கேட்டது. "இவ்வளவு போதும்டா ராஜா" என்று சொல்லிக்கொண்டே செங்கமலம் அவனைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

கேட்டீர்களா, கதை இவ்வளவுதான்: அமிர்தமே ஆனாலும் வயதும் அளவும் அறிந்து கொடுப்பதே அன்பு, அதனால் ஆண்டு நிறையாத பிள்ளையின் நாக்கில் தேனை வைக்காதீர்கள்.