யாருக்கும் சொல்லாத பாஸ்வேர்டு

தென்காசிப் பக்கத்து ஊர் ஒன்றில் ஆவுடையப்பன், இசக்கியப்பன், பலவேசம் என்று மூன்று அண்ணன் தம்பிகள் இருந்தார்கள். அந்தக் குடும்பத்துக்கென்று கடவுள் அளந்து கொடுத்த அறிவை, கடைசியாகப் பிறந்த தங்கை செண்பகவல்லி மொத்தமாக வாங்கிக்கொண்டாள் என்று ஊரில் பேச்சு.

அவளுக்கு மஸ்கட்டில் வேலை பார்க்கும் வரன் ஒன்று வந்தது. ஞாயிறு காலை பத்து மணிக்கு வீடியோ காலில் பெண் பார்ப்பதாக ஏற்பாடு. அந்தத் தெருவில் செல்போனில் பேச்சு கேட்கும், படம் வராது. அதனால் மூத்தவர் ஆவுடையப்பன் சனிக்கிழமையே ஆளை வரவழைத்து வீட்டுக்கு வைஃபை போட்டார்.

வந்தவர் பெட்டியைச் சுவரில் மாட்டினார். தன் செல்போனை ஆவுடையப்பனிடம் நீட்டி, பாஸ்வேர்டை அவரையே போடச் சொல்லிவிட்டு நாகரிகமாக முகத்தைத் திருப்பிக்கொண்டார். கிளம்பும்போது இரண்டே புத்தி சொன்னார். "அண்ணாச்சி, முதல்ல பேரை மாத்திருங்க. பழைய பேர்லயே இருந்தா கள்ளப்பயலுக்குச் சுளுவாப் போயிரும். பாஸ்வேர்டை யார் கேட்டாலும் சொல்லாதீங்க."

யார் பேரை மாற்றுவது என்று மூவரும் கூடிப் பேசினார்கள்.

"கனெக்‌ஷன் யார் பேர்ல இருக்கு?" என்றார் இசக்கியப்பன்.

"என் பேர்லதான்."

"அப்போ மாத்த வேண்டியதும் உங்க பேரைத்தான் அண்ணே."

மறுக்க முடியாத நியாயம். நாற்பத்தாறு வருஷம் சுமந்த பேரை ஆவுடையப்பன் ஒரு டம்ளர் காப்பியோடு இறக்கி வைத்து, திருச்சிற்றம்பலம் ஆனார். உள்ளுக்குள் வலித்தது. தங்கைக்காக என்று பல்லைக் கடித்துக்கொண்டார். (குழப்பம் வராமலிருக்க நாம் பழைய பேரிலேயே போவோம்.)

ஞாயிற்றுக்கிழமை. செண்பகவல்லி பட்டுக் கட்டி, பூ வைத்து வந்து உட்கார்ந்தாள். போன் பாஸ்வேர்டு கேட்டது.

"யார் கேட்டாலும் சொல்லக் கூடாதுன்னுதானே சொன்னாரு?" என்றார் ஆவுடையப்பன்.

"போன் 'யார்' இல்லையே அண்ணே, 'எது'தானே. அஃறிணை," என்றார் பலவேசம். எட்டாம் வகுப்பு வரை போனவர்.

இசக்கியப்பன் வெகுநேரம் யோசித்தார். "நாம கூப்பிட்ட ஆளு எடுக்கலேன்னா ஒரு பொம்பளை பேசுதாளே உள்ள. அவ அஃறிணையா?"

அத்தோடு போன் உயர்திணை என்று முடிவாயிற்று. பாஸ்வேர்டு சொல்லப்படவில்லை.

பத்தேகாலுக்கு மாப்பிள்ளையே படமில்லாத சாதாரண காலில் அழைத்து, ஆவுடையப்பன் அண்ணாச்சி இருக்கிறாரா என்று கேட்டார். அப்படி யாரும் இங்கே இல்லை என்று ஆவுடையப்பன் போனை வைத்துவிட்டார். மறுபடி அழைத்தவர், பலவேசத்திடம் விஷயத்தைக் கேட்டுக்கொண்டு, பாஸ்வேர்டு என்னவென்று பொறுமையாக விசாரித்தார்.

இசக்கியப்பன் போனைக் கையால் பொத்தினார். "தாலி கட்டுறதுக்கு முன்னாலயே பாஸ்வேர்டு கேக்காரு. இடம் சரியில்ல."

தங்கையின் கண் கலங்குவதைப் பார்த்ததும் ஆவுடையப்பனுக்கு நெஞ்சு தாங்கவில்லை. என்ன ஆனாலும் சரி, சொல்லிவிடுவது என்று வாயைத் திறந்தார். திறந்த வாய் திறந்தபடியே நின்றது.

"மறந்துட்டேன்," என்றார். "யாருக்கும் சொல்லக் கூடாதேன்னு எனக்கே சொல்லாம வச்சிருந்தேன்."

செண்பகவல்லி எழுந்து அடுத்த வீட்டுக்குப் போனாள். அரை மணி நேரம் அவர்களுடைய வைஃபையில் பேசிவிட்டு வந்தாள். மாப்பிள்ளைக்குப் பிடித்துவிட்டது. தையில் கல்யாணம்.

திங்கட்கிழமை வைஃபை போட்ட ஆள் மறுபடி வந்தார். பெட்டியின் பின்னால் சின்ன ஓட்டையில் ஊக்கை விட்டு அழுத்தி, பழைய பாஸ்வேர்டு போய்விட்டது, புதுசு போடலாம் என்றார். ஆவுடையப்பன் ஓட்டையைக் குனிந்து பார்த்தார். போனது எந்த வழியாக என்று புரிந்துவிட்டது.

ஆள் தலை மறைந்ததும் ஓட்டையைச் சிமென்ட் குழைத்து அடைத்தார்கள். ஆனாலும் ஒழுகினது ஒழுகினதுதானே? கள்ளப்பயல் கையில் சிக்காமலிருக்க, பெட்டிக்கு நேர் கீழே தரையை மூன்று தடவை துடைத்தார்கள். துணி அலசிய தண்ணீரைத் தெருவில் கொட்டினால் யாராவது அள்ளிவிடுவார்கள் என்று பின்கட்டுக் கிணற்றில் ஊற்றி, கிணற்றுக்கு இரும்பு மூடி போட்டுப் பூட்டினார்கள்.

இப்போது குடிதண்ணீருக்கும் அடுத்த வீட்டுக்குத்தான் போகிறார்கள்.