தவிட்டுக்குருவிகள் கூடிப் பேசியது

பறவைகளுக்கும் நம்மைப் போலவே பேச்சு இருந்த அந்தக் காலத்தில், தவிட்டுக்குருவிகள் அதிகம் வாய் திறக்காத சாதுக்கள். ஒரு சூரைமுள் புதரில் அக்கா தங்கைகள் ஏழு பேர் குடியிருந்தார்கள். அவர்களுக்குள் ஒரு கட்டுப்பாடு உண்டு. எந்தக் காரியமானாலும் ஏழு பேரும் ஒரே கிளையில் உட்கார்ந்து பேசித்தான் முடிவெடுக்க வேண்டும். ஒருத்தி குறைந்தாலும் அந்தப் பேச்சு செல்லாது.

கடைக்குட்டி பூவாத்தா அந்த வருஷம்தான் முதன்முதலாக முட்டையிட்டிருந்தாள். அத்தனையும் நீல முட்டைகள். இரை தேடக்கூடப் போகாமல் அடைகாத்தாள்.

ஒருநாள் காலையில் கொண்டைக்குயில் வந்தாள். கூடு கட்டச் சோம்பல்படுகிறவள்.

"பூவாத்தா, ஒரே ஒரு முட்டை உன் கூட்டுல வச்சுக்கட்டுமா?"

"முடியாது. என் பிள்ளைகளுக்கே இடம் பத்தாது. உன் பிள்ளை வந்தா தீனியெல்லாம் அவன் வாய்க்குத்தான் போகும்."

அதோடு முடிந்திருக்க வேண்டும். மூத்தவள் வீராயி மேல்கிளையிலிருந்து குரல் கொடுத்தாள். "நீயா எப்படிடி முடியாதுன்னு சொல்லலாம்? ஏழு பேரும் ஆலோசனை பண்ண வேண்டாமா? ஏறி வா."

"அக்கா, நான் அடையில இருக்கேன்."

"நீ வராட்டி பேச்சு செல்லாதுடி."

அக்காமாருக்கு அடங்கியே பழகியவள். கூட்டை விட்டு எழுந்து போனாள்.

"சரி, ஆலோசனையை ஆரம்பிக்கலாம்," என்றாள் வீராயி.

"ஆலோசனையா?" என்று சிலிர்த்தாள் நடுவுள்ளவள் சடைச்சி. "நீ முடிவு பண்ணிட்டு எங்களைத் தலையாட்டச் சொல்றதுக்குப் பேர்தானே ஆலோசனை? அப்படித்தான் இந்த முள்ளுக்குள்ள குடிவந்தோம். நான் மறக்கல. விவாதம்னா சொல்லு, உட்காருறேன்."

"விவாதத்துக்கு ரெண்டு கட்சி வேணும். இங்கே ஏழு கட்சி," என்றாள் அடுத்தவள் குருவம்மா. "தர்க்கம்னு வச்சுக்குவோம்."

"தர்க்கத்துக்கு மூளை வேணும்டி," என்றாள் சடைச்சி.

"புழுன்னு நினைச்சுப் பாம்புக்குட்டி வாலைக் கொத்தினவ மூளையைப் பத்திப் பேசுறா பாரு!"

"இது வாக்குவாதமால்ல போகுது!" என்றாள் வீராயி.

"வாக்குவாதம் எப்பவோ தாண்டியாச்சு. இது சச்சரவு."

சடைச்சி குருவம்மாவின் மண்டையில் ஒரு கொத்துக் கொத்தினாள்.

"ஐயோ, கைகலப்பு!"

"நமக்கு ஏதுடி கை?"

பூவாத்தா கெஞ்சினாள். "அக்கா, பேர் என்னவா வேணா இருக்கட்டும். முட்டை ஆறிப்போகுது. நான் போறேனே?"

"என்ன பேச்சுன்னே தெரியாம எப்படி முடிவெடுக்கிறது? உட்காரு."

கொண்டைக்குயில் மரியாதையாகத்தான் கொஞ்ச நேரம் காத்திருந்தாள். பிறகு கூட்டுக்குள் புகுந்தாள், காரியத்தை முடித்தாள், பறந்துவிட்டாள். அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஏழு பேர் கண்ணெதிரேதான் உள்ளே போனாள். ஒருத்தியாவது திரும்பிப் பார்க்க வேண்டுமே!

பூவாத்தா வந்து பார்த்தபோது கூட்டில் ஒரு முட்டை கூடியிருந்தது. அதுவும் அச்சு அசலாக அதே நீலம்.

"அதைத் தள்ளிவிடுடி," என்றாள் சடைச்சி.

"எதை?"

"அதைத்தான் பேசணும்."

நாள்கணக்கில் பேசினார்கள். பேசிக்கொண்டிருக்கும்போதே, மற்ற முட்டைகளுக்கு முந்தி ஒன்று பொரிந்து குயில்பிள்ளை வெளியே வந்தது. வாயைப் பிளந்து, "அம்மா, பசி!" என்றது.

பூவாத்தா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அது விடாமல் கூப்பிட்டது. முணுமுணுத்துக்கொண்டே போய் ஒரு வெட்டுக்கிளியைப் பிடித்து வந்து அதன் வாயில் திணித்தாள். பிறகு அக்காமாரைப் பார்த்தாள்.

"கூடிப் பேசினது நீங்க, வளர்க்கிறது நான் மட்டுமா? ஆளுக்கொரு பூச்சி கொண்டாங்க. இனிமே உங்களை நிம்மதியா ஒரு கிளையில உட்காரவிட மாட்டேன்."

சொன்னபடி செய்தாள். அவர்களும் கேட்டுக்கொண்டு சும்மா இருக்கவில்லை.

அன்று முதல்தான் கொண்டைக்குயிலுக்குக் கூடு கட்டும் கவலை ஒழிந்தது. தவிட்டுக்குருவிகளோ இன்றுவரை கூட்டமாகப் புதருக்குப் புதர் தாவி, யாரோ பெற்ற பிள்ளைக்கு ஊட்டிக்கொண்டே, இது யாரால் வந்தது என்று ஒன்றையொன்று பார்த்துக் கத்திக்கொண்டிருக்கின்றன.